திடலுக்கு வெறுங்கையோடு வாருங்கள்

மன்றத்துக்குப் புதிதாக உதவ வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், பிள்ளைகளை முதல்முறையாக அனுப்பும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன்.

கூட்டத்தில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு வாய் வராது. முன்பு ஒருமுறை அப்படிக் கொடுத்தபோது, "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் அதற்கும் கை தட்டினார்கள். அதனால் எழுதித் தருகிறேன். பத்தாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் திருத்தி, யாராவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

என்னை நீங்கள் டைலர் அக்கா என்றுதான் அறிவீர்கள். என் மகன் கோகோ ஆட வந்ததால் நான் இந்தத் திடலுக்கு வந்தேன். அவன் படித்து முடித்து ஒரகடத்துக்கு வேலைக்குப் போன பிறகும் நான் வருவதை நிறுத்தவில்லை. பனியன் தைப்பேன். முட்டியில் தோல் பெயர்ந்தால் மருந்து போடுவேன். வெளியூர் ஆட்டம் என்றால் பெண் பிள்ளைகளுக்குத் துணையாகப் போவேன். இப்போது சர்க்கரையால் கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்கவே யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது. அதனால் விலகிக்கொள்கிறேன். ஆட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அது கோச்சின் வேலை. திடலின் ஓரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் இருந்த இடம் அதுதான்.

மன்றம் ஆரம்பித்தபோது எங்களுக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், என்னைவிட வயதில் சின்னவர். முதல் கூட்டத்தில் பெற்றோரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு முறை. முறை வந்தால் அந்த வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் புங்க மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் வந்து உட்கார வேண்டும்.

"சமைக்க வேணாம், விசில் ஊத வேணாம், புள்ளைங்களுக்கு ஐடியா குடுக்க வேணாம். உக்காருங்க. கடைசிப் புள்ள கெளம்புற வரைக்கும் எழுந்திருக்காதீங்க" என்றார்.

ஒரு தகப்பன் எழுந்தார். "சும்மா குந்திகினு இருக்கறதுக்கு ஒரு ஆளா சார்? எங்க வூட்டு நாய அனுப்பட்டுமா?"

எல்லோரும் சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார். "தாராளமா அனுப்புங்கண்ணே. அது போன் பாக்காது."

பிறகு, கோகோவில் கட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பவனும் ஆடுகிறவன்தான், அவன் ஓடவில்லை என்பதற்காக அவனை எண்ணாமல் விட முடியாது என்றார். பெஞ்சில் உட்காருபவரும் அப்படித்தான் என்றார். அன்று அது எனக்கு ஒரு பேச்சாகத்தான் தோன்றியது. நாள் போகப் போகப் பார்த்தேன். நன்றாக ஒரு பாய்ச்சல் பாய்ந்து ஆளைத் தொட்ட பிள்ளை, எழுந்து மண்ணைத் தட்டும்போதே பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும். அங்கே இருப்பது தன் அம்மாவாக இருக்க வேண்டும் என்பதில்லை. யாராவது பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெஞ்சிலிருந்து ஒரு பக்கம் ரோட்டுக் கேட் தெரியும், மறுபக்கம் வாய்க்கால் தெரியும். அதையும் மாஸ்டர் யோசித்துத்தான் பெஞ்சை அங்கே போடச் சொல்லியிருக்கிறார்.

மாஸ்டருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. மன்றம் அன்றோடு கலைந்திருக்கும். கலையாமல் காப்பாற்றியவர் ரவி அண்ணன். தவளக்குப்பம் கூட்டுரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், அவரை உங்களுக்கே தெரியும். செயலாளர் பொறுப்பை எடுத்துக்கொண்டு வேறு கோச் தேடிப் பிடித்தார், புதுக் கம்பம் நட்டார், விளக்குப் போட்டார். நல்ல மனிதர். இனி நான் எழுதுவதை வைத்து அவரைத் தவறாக நினைக்காதீர்கள். அவரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். "என் பேரப் போட்டே எழுதுங்கக்கா" என்று சொன்னவர் அவர்.

அந்த வருடம் கம்பெனியில் ஷிப்ட் மாறிய ஒரு தகப்பன், தன் முறைக்கு வர முடியாமல், மன்னிப்புக் கேட்டு ஒரு குண்டான் சுண்டல் அனுப்பி வைத்தார். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். பசியோடு ஆடுகிற பிள்ளைகள், பாதிப் பேர் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டதோடு சரி. அடுத்த முறைக்காரர் வந்தார், ஆனால் கையில் போண்டாவோடு வந்தார். அதற்கடுத்தவர் வரவில்லை, பாலும் பன்னும் வந்தன.

இது எப்படி நடந்தது என்று வெளியூர்க்காரர் கேட்டால் புரியாது. நமக்குப் புரியும். நம் ஊர் அம்மன் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டு உபயம். நாம் வெளியூரில் இருந்தாலும் நம் நாள் வந்தால் உபயம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், பூசாரி மைக்கில் பெயரைச் சொல்ல வேண்டும். அதேபோல, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நாம் யாரும் வெறுங்கையோடு போக மாட்டோம். ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது இல்லாமல் படியேறினால் நமக்கே கால் கூசும். இந்த இரண்டு நல்ல பழக்கமும் சேர்ந்துகொண்டன. "இன்னிக்கி யாரு முறை?" என்று கேட்ட பிள்ளைகள், "இன்னிக்கி யாரு உபயம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ரவி அண்ணன் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் படம் போட்டார். 'இன்றைய உபயம்' என்று மேலே எழுதி, கீழே குடும்பத்தின் பெயர், அதன் கீழே நிறையக் கும்பிடு. லெமன் ரைஸ் வந்தது, ஃப்ரைடு ரைஸ் வந்தது, ஒருநாள் பிரியாணியே வந்தது. பெஞ்சில் குண்டான்கள் இருந்தன. ஆள் இல்லை.

தையல் ஒழிந்த நாளில் நான் போவேன். முறைக்கு உட்கார வந்துகொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் அஞ்சலை.

அஞ்சலை பூரணாங்குப்பத்துக்காரர். விடிவதற்குள் மீன் எடுத்து, மொபெட்டில் வைத்து, நம் பக்கத்து ஊர்களில் விற்பார். மகள் மகா தவளக்குப்பத்தில் படித்தாள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு இங்கே கொண்டு வந்து விட்டு, ஆட்டம் முடிந்ததும் கூட்டிப்போவார். வெள்ளிக்கிழமை கவுச்சி வாங்குபவர் குறைவு என்பதால், "வெள்ளிக்கெழம எனக்கே குடுத்துடு சார், யாருக்கும் மாத்தாத" என்று மாஸ்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டவர். மீன் விற்ற அன்னக்கூடையைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் தள்ளி உட்காருவார். தன் மேல் மீன் வாடை அடிக்கும் என்று கூச்சம். நானும் கூச்சக்காரி. எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு அதிகம் இல்லை. ஆனால் கேட் பக்கம் தெரியாத பைக் ஒன்று நின்றால் அவர் முதுகு நிமிர்ந்துவிடும். அந்தப் பைக் நகரும் வரை கண்ணை எடுக்க மாட்டார்.

மகா ஆடுவதை நீங்கள் பார்த்ததில்லை. கம்பத்தைச் சுற்றி அவள் திரும்பும்போது துரத்துகிறவர்களுக்கு அவள் எந்தப் பக்கம் போனாள் என்பதே தெரியாது. அப்போது, அடுத்த மாதம் புதுச்சேரியில் அணித் தேர்வு என்று இருந்தது. அதில் எடுத்துவிட்டால் விளையாட்டு விடுதியில் சேர்ந்து அங்கேயே படிக்கலாம். நம் திடலிலிருந்து அதற்குப் போகக்கூடியவள் அவள் ஒருத்திதான் என்று புதுக் கோச்சும் சொன்னார். மகாவுக்கும் அது தெரியும். அஞ்சலைக்கும் தெரியும்.

பிரியாணி வந்த வாரத்து வெள்ளிக்கிழமை அஞ்சலை வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். ஆட்டத்தின் நடுவே இடைவேளை. பிள்ளைகள் ஓடி வந்து பெஞ்சைப் பார்த்தார்கள். பெஞ்சில் அவர் மட்டும் இருந்தார். நான் மரத்துக்கு மறுபக்கம் கிழிந்த பனியன் தைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கி இன்னா ஆண்ட்டி?" என்றான் ஒரு பையன்.

"இன்னா இன்னா?" என்றார் அவர், புரியாமல்.

"டேய், மீன் கொழம்புடா! அன்னக்கூடயப் பாரு, கவுத்து மூடி வெச்சிருக்குது." ஒரே சிரிப்பு. பிள்ளைகளின் சிரிப்புதான், அதில் விஷம் கிடையாது. ஆனால் மகா சிரிக்கவில்லை. கால் ஷூவைக் கழற்றி மண் கொட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

ரவி அண்ணன் அன்று விளக்குப் பழுது பார்க்க வந்திருந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். "தே, சும்மா இருங்கடா. அம்மா, நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க. உங்க பேர்ல நாங்களே வாங்கிக் குடுத்துடுறோம்." யாரையோ கடைக்கு அனுப்பினார். பிஸ்கட் வந்தது. அவர் மனதில் உதவி என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. பிஸ்கட்டை அடுக்கிப் படம் எடுத்தார். 'இன்றைய உபயம்: மகா குடும்பத்தார்' என்று குரூப்பில் போட்டார்.

அஞ்சலையின் மொபெட்டில் செருகியிருந்த போன் சத்தம் போட்டது. மகா எடுத்துப் படித்து, அம்மாவிடம் காட்டினாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அஞ்சலைக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நா வாராவாரம் வந்து குந்திகினு இருந்தனேண்ணே. அது கணக்குல வராதா?"

"வரும்மா, யாரு இல்லன்னா? ஆனா புள்ளைங்க எதிர்பாக்குதுங்க இல்ல."

அஞ்சலை போனை மகாவிடம் திருப்பிக் கொடுத்தார். எழுந்து போகவில்லை. பிள்ளைகள் பிஸ்கட் சாப்பிட்டு, மறுபடி ஆடி, ஒவ்வொருவராகச் சைக்கிள் எடுத்து, கடைசிப் பிள்ளை கேட்டைத் தாண்டும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகுதான் அன்னக்கூடையை எடுத்துக் கட்டினார். மகா தன் பங்குப் பிஸ்கட்டை என் தையல் பையின் மேல் வைத்துவிட்டு அம்மாவின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

அதன் பிறகு இரண்டு பேரும் வரவில்லை. போன் செய்தால், "வேல கீதுக்கா, பாக்கறோம்" என்பார் அஞ்சலை.

நான் செயற்குழுவில் பேசினேன். நான் பேசினேன் என்பதே எனக்கு ஆச்சரியம். "சாப்பாடு வரட்டும், வேணான்னு சொல்லல. ஆனா பேரு போட வேணாம். ஆளு உக்காரணும்" என்றேன். யாரும் கோபப்படவில்லை. "யக்கா, உக்காந்து இன்னா ஆவப்போவுது? புள்ளைங்களுக்கு வயிறு நெறையுதே, அது பெருசு இல்லையா?" என்று கேட்டார்கள். அதுவும் நியாயம்தான். பசி பொய்யில்லை. டீ வந்தது, கூட்டம் முடிந்தது.

மழைக்காலம் முடிகிற சமயம், ஏரி நிரம்பி வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டிப் போய்க்கொண்டிருந்தது. அன்று எனக்கு முறை இல்லை. தைத்து முடித்த பனியன்களைக் கோச்சிடம் கொடுக்க வந்தேன். வந்து பார்த்தால் கோச் பெரிய பெண்களை அழைத்துக்கொண்டு பக்கத்து ஊர் ஆட்டத்துக்குப் போயிருந்தார். சின்னப் பிள்ளைகள் மட்டும், பெஞ்சில் பிரியாணிக் குண்டான், தின்று போட்ட தட்டுகள். பெரியவர் யாரும் இல்லை. குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. எண்ணெய்க் கையைக் கழுவ ஒவ்வொருவராக வாய்க்கால் பக்கம் போய்விட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

தட்டுகளைப் பொறுக்கினேன். ஒரு தட்டில் சோறு தொடாமல் இருந்தது.

"இது யாருது?"

"பிரவீனுதுக்கா. அவன் வூட்டுக்குப் போயிட்டான்."

அது ரவி அண்ணனின் மகன். அவன் பை பெஞ்சின் கீழே கிடந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. ஒருவன் சொன்னதை இன்னொருவன் நம்பி, அவன் சொன்னதை இன்னொருவன் நம்பி, எல்லோருக்கும் அது உண்மையாகிவிட்டது. போன் போட்டு வீட்டில் கேட்கலாம் என்று முதலில் கை போனது. கேட்டு, அவர்கள் தேடி, பதில் சொல்வதற்குள் என்ன ஆகும் என்று நினைத்தேன். போனைக் கீழே போட்டுவிட்டு வாய்க்காலுக்கு ஓடினேன். அவன் வீட்டில் இருந்தால் நான் ஓடியதற்கு யாராவது சிரிப்பார்கள், அவ்வளவுதானே.

வீட்டில் இல்லை. மதகடியில் இருந்தான். சறுக்கி விழுந்து, சேற்றில் இடுப்புவரை இறங்கி, கோரையைப் பிடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் தாடையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. நானும் இறங்கியிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். தோள் பையிலிருந்த பனியன்களை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு வீசினேன். பின்னால் ஓடிவந்த பிள்ளைகளை, கோகோவில் உட்காருவதுபோல் வரிசையாகக் கரையில் உட்கார வைத்து, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடிக்கச் சொன்னேன். இழுத்தோம். தையல் விடவில்லை.

ரவி அண்ணன் கடையிலிருந்து வந்து சேர்ந்தபோது பிள்ளையை என் முந்தானையில் சுற்றி வைத்திருந்தேன். பேச்சே வராமல் பல் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அவனைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்துக் கத்தினார். "பெரிய மனுசங்க ஒருத்தர்கூட இல்லையா இங்க? புள்ளைங்கள இப்படியா வுடுவாங்க? இன்னிக்கி யாரு முறை?"

ஒரு சின்னப் பெண், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து, "உங்க உபயம்தான் மாமா. பிரியாணி" என்றாள்.

அவர் குண்டானைப் பார்த்தார். பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பிரவீன் நெஞ்சில் சளி கட்டி வெகுநாள் படுக்கையில் இருந்தான். எழுந்துவிட்டான். ஆனால் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் இன்னும் காதைப் பொத்திக்கொள்கிறான். திடலுக்கு வர மாட்டேன் என்கிறான்.

அவன் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் ரவி அண்ணன் என்னிடம் வந்தார். "யக்கா, அஞ்சலையம்மா வூட்டுக்கு வழி தெரியுமா?" இருவரும் பூரணாங்குப்பம் போனோம். போகிற வழியில் தவளக்குப்பத்தில் வண்டியை நிறுத்தி ஆப்பிள், ஆரஞ்சு, ஸ்வீட் என்று ஒரு பை நிறைய வாங்கினார். நான் தடுக்கவில்லை. ஒருவர் வீட்டுக்கு எப்படி வெறுங்கையோடு போவது?

அஞ்சலை வாசலில் வலைக்கயிறு காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

"இதுவும் உபயமாண்ணே?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். ரவி அண்ணன் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"தப்பு எங்க பேர்லதாம்மா. மகாவ அனுப்புங்க. நீங்க வந்து குந்துங்க, போதும்."

"தேர்வுலாம் முடிஞ்சிடுச்சேண்ணே" என்றார் அஞ்சலை. "அன்னிக்கிக் காலைல யூனிபாரம் போட்டுகினு குந்திகினு இருந்திச்சி. 'போவலாமாடி'ன்னேன். 'வேணாம்மா, அங்க வர்ற அம்மாங்க எல்லாம் எதுனா எடுத்துகினு வருவாங்க'ன்னிச்சி. அவ்ளோதான்."

மகா கதவோரம் நின்றிருந்தாள். வளர்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து இறால் உரிக்கப் போகிறாளாம், விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. நான், "வாடி, சும்மா ஆடிட்டுப் போ" என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். நாங்கள் கிளம்பும்போது என்னிடம் மட்டும் கேட்டாள்.

"இப்ப யாருக்கா பெஞ்சில குந்தறாங்க?"

"ரவி அண்ணன்தான். தெனமும்."

"அவுரு எல்லாத்தையும் பாப்பாரா? இல்ல, அவுரு புள்ளைய மட்டும் பாப்பாரா?"

ரவி அண்ணனுக்கும் அது கேட்டது. வண்டியைத் திருப்புவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பை ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டே வந்தது.

தம்பி தங்கைகளே, இப்போது சாயங்காலம் சுண்டல் வருகிறது. பொதுவில் வேகிறது, யார் பெயரும் கிடையாது. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் பசி பொய்யில்லை. ஆனால் உங்கள் முறை வரும் நாளில் எதையும் எடுத்து வராதீர்கள். வேறு எங்கே போனாலும் வெறுங்கையோடு போகக் கூடாது. இந்த ஒரு இடத்துக்கு மட்டும் கூசாமல் வாருங்கள். கையில் ஒன்றும் இல்லையே என்று தள்ளி நிற்கும் தாய் யாராவது இருந்தால், போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

பெஞ்சில் இப்போது நீங்கள் தினமும் பார்க்கும் மனிதர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருகிறார். மழை தூறினால் குடையோடு இருக்கிறார். புதிதாக வந்தவர்கள், அவர் பிள்ளை எது என்று கேட்கிறீர்களாம். அவர் பிள்ளை இங்கே ஆட வருவதில்லை. அவர் வருகிறார்.

வெள்ளிக்கிழமை மட்டும் பெஞ்சின் ஓரத்தில் ஓர் ஆள் இடம் விட்டு உட்காருவார். அந்த இடத்தில் குண்டான் எதையும் வைத்துவிடாதீர்கள்.